மெட்டு எங்கிருந்து வந்தது?

கடந்த மீலாத் விழாவில் எங்கள் பாடசாலையின் ஒன்பதாந்தர மாணவிகள் ஒரு பாட்டுப் பாடினார்கள. சொற்கள் நான் எழுதிக் கொடுத்தவை. மெட்டு பிள்ளைகள் கொண்டு வந்தது. அண்மையில் வந்த ஒரு படப்பாட்டின் மெட்டு. விழா முடிந்து எல்லார் கையிலும் பிளேன்டீ வந்த நேரத்தில், ஊரே மதிக்கும் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன டீச்சர், நபியப் பாடுறதுக்கு வேற மெட்டே கெடக்கல்லயா? படப்பாட்டுதானா ஈந்திச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து இருபது வருடமாக அதையே படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த இடத்தில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வாக்கியங்கள் வரிசையில் வந்தன. எப்போதும் அப்படித்தானே. முதலில் வந்தது இலக்கிய வரலாறு. காசிம் புலவர் நபி (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். அந்தச் சந்தம் யாருடையது? அருணகிரிநாதருடையது. முருகனுக்கு எழுந்த ஓசையைக் காயல்பட்டினத்துப் புலவர் ரசூலுல்லாவுக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் மலைநாட்டிலேயே தெல்தோட்டை போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866 - 1918) அதே வழியில் சந்தத் திருப்புகழ் செய்தார். உமறுப் புலவர் விருத்தத்தை எங்கிருந்து எடுத்தார் என்று கம்பனைப் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்குப் புதிதாக நாம் கொடுத்தவை உண்டு. கும்மி, சிந்து, பிள்ளைத்தமிழ் என்று இருந்ததில் எடுத்தவையும் உண்டு. பழைய முஸ்லிம் கீர்த்தனைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் தலையிலேயே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். அதை யாரும் ஒளிக்கவில்லை. படிப்பவருக்கு ராகம் தெரியாது, மெட்டுத் தெரியும் என்ற கணக்கு அது.

இதைச் சொன்னால் பெரியவரை மடக்கிவிடலாம். அவர் வீட்டு அலுமாரியில் காசிம் புலவர் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மடக்குவது வேறு, பதில் சொல்வது வேறு. இரண்டு நாள் யோசித்தபோது என் வாதத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. அருணகிரியின் சந்தத்துக்கு முகம் இல்லை. படப்பாட்டின் மெட்டுக்கு முகம் உண்டு. அந்த மெட்டைக் கேட்டதும் ஓர் ஆணும் பெண்ணும் ஏதோ ஒரு மலைச்சரிவில் ஓடுவது கண்ணுக்குள் வருகிறது. அந்த மலைச்சரிவு சில வேளை எங்கள் மலைச்சரிவாகவே இருந்துவிடுகிறது என்பது இன்னொரு தொல்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது, தலைகீழாக. சின்ன வயதில் உம்மும்மா வீட்டுக் கெசட்டில் ஓர் இஸ்லாமியப் பாட்டு இருந்தது. மதீனாவுக்குப் போக ஏங்கும் பாட்டு. வெள்ளிக்கிழமை காலையில் அது ஓடும்போது உம்மும்மா கண்ணைத் துடைப்பார். பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழக விடுதியில் ஒரு பழைய ஹிந்திப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று அந்த மெட்டு வந்தது. மதீனா இல்லை, ஒரு தோட்டம், ஒரு குடை, சிரித்துக்கொண்டே ஒளியும் ஒரு நடிகை. தோழிகள் படத்தைப் பார்த்தார்கள். நான் உம்மும்மாவைப் பார்த்தேன். எனக்குப் பாட்டு முதலில், படம் பிறகு. அதனால் அந்த மெட்டு இன்றைக்கும் எனக்கு மதீனா மெட்டுத்தான். அந்த நடிகைதான் இரவல் வாங்கியவர் போலத் தெரிகிறார். ஆனால் அந்தப் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு? பெரியவர் அந்தப் பக்கத்தில் நிற்கிறார். ஒன்பதாந்தரப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே மெட்டை இரவல் வாங்கலாமா என்பது கேள்வியே அல்ல. அதை நம் மூதாதையர் முடித்துவிட்டார்கள். ஒரு மெட்டு எப்போது தன் முதல் படத்தை மறக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட மலையகத்தைவிட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

வாப்பாவின் கடை பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து பஸார் ஓரத்தில் இருந்தது. 1990ஆம் ஆண்டளவில் தோட்டத்துத் திருவிழா என்றால் டவுனிலிருந்து டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வரும். லயத்து முற்றத்தில் விடிய விடிய மூன்று படம். முதல் படம் கட்டாயம் சாமிப் படம். இரண்டாவது எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி. மூன்றாவது புதுப் படம். அதற்குள் பிள்ளைகள் பனிக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு இஸ்தோப்பில் ஒரு பலகை கிடைத்தது. அங்கேதான் 'பாவமன்னிப்பு' பார்த்தேன்.

1961இல் பீம்சிங் எடுத்த அந்தப் படத்தில் ஒரு பெருநாள் பாட்டு வரும். கண்ணதாசன் சொற்கள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஹனீபா பாடியது. வானொலியின் முஸ்லிம் சேவையில் ஹனீபாவின் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் குரல் படத்துக்குள்ளிருந்து, அதுவும் தோட்டத்து லயத்தில், திருநீறு பூசியவர்களுக்கு நடுவில் வந்தபோது எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. நம் வீட்டுச் சாமானை யாரோ தெருவில் வைத்துவிட்டது போன்ற வெட்கம். பிறகு பார்த்தால் முன்வரிசையில் இருந்த பெண்கள் கூடவே பாடுகிறார்கள்! அவர்களுக்கு அந்தப் பாட்டு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தப் பாட்டைத் தமிழ்த் திரையின் மற்ற 'முஸ்லிம் பாட்டு'களோடு வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் பிடிபடும். 'சிரித்து வாழ வேண்டும்' (1974) படத்தில் எம்.ஜி.ஆர். அப்துல் ரகுமானாக வருகிறார். ஆனால் அந்த அப்துல் ரகுமான் கீழக்கரையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வரவில்லை. முந்திய வருடம் வந்த 'ஸஞ்சீர்' என்ற ஹிந்திப் படத்தில் பிராண் நடித்த பட்டாணியர் ஷேர்கானின் வழியாக வருகிறார். 'பம்பாய்' (1995) படத்தின் கல்யாண வீட்டுப் பாட்டு ஏ.ஆர். ரஹ்மானின் மிக அழகான வேலைகளில் ஒன்று. சித்ராவின் குரலை இன்றைக்கும் நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஆனால் அது தமிழ்நாட்டுக் கிராமத்து முஸ்லிம் கல்யாணம் என்று கதை சொல்கிறது, காது நம்ப மறுக்கிறது. கவ்வாலிக் கைதட்டு நம் கல்யாண வீடுகளில் எப்போது இருந்தது? நமக்கு இருந்தவை பைத், மவ்லித், தாலாட்டு, தப்ஸ். தமிழ்த் திரை தமிழ் முஸ்லிமைத் தேடும்போதெல்லாம் பம்பாய்க்குப் போய் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறது. அதற்குள் 1961இல் ஹனீபாவின் குரலை அப்படியே, கரகரப்போடு, உரத்த தொண்டையோடு, மேடையில் பாடுகிற மாதிரியே விட்டது பெரிய காரியம். மெருகேற்றிக் கெடுக்கவில்லை. அந்தப் பாட்டு நிற்பதற்குக் காரணம் அதில் சொல்லப்படும் ஒற்றுமை அல்ல. ஒற்றுமை சொல்லும் பாட்டுகள் ஆயிரம் மறந்து போயின. அது நம் தொண்டை என்பதுதான் காரணம்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. சோவின் 'முகமது பின் துக்ளக்' (1971) படத்தில் அல்லாஹ்வைப் போற்றும் பாட்டை எழுதியவர் ஸ்ரீரங்கத்து வாலி, பாடியவர் எம்.எஸ். விஸ்வநாதன். எங்கள் ஆள் யாரும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கெசட்டில் அது மவ்லிதுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. படம் ஓர் அரசியல் கிண்டல் என்பது உம்மும்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. இங்கே மெட்டு மட்டுமல்ல, சொல்லும் சேர்ந்தே தன் படத்தை மறந்துவிட்டது. சிங்களத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. சேலத்தில் பிறந்து, 'அசோகமாலா' (1947) முதல் சிங்களத் திரையில் பாடிய மொஹிதீன் பேக் என்ற முஸ்லிமின் குரல் இல்லாமல் ஹட்டன் டவுனில் ஒரு வெசாக் கழிந்ததில்லை. பந்தலடியில் நின்று கேட்பவர் யாரும் அதை 'முஸ்லிம் குரல்' என்று கேட்பதில்லை.

மீண்டும் லயத்துக்கு வருகிறேன். படம் பார்த்த பெண்கள் என்ன செய்தார்கள்? மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அவை தோட்டத்து மக்களின் தனிச் சொத்து. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு மரபும் ஓடியது. ஆய்வாளர்கள் அதைச் சற்று இளக்காரமாகவே பார்த்திருக்கிறார்கள். துண்டுப் பிரசுரப் பாட்டு. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாடினார்; அந்தப் பாட்டுகள் 1940இல் சிறு நூலாக வந்தன. சனங்களின் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் பாடியதால்தான் அவை கூட்டத்துக்கு வெளியேயும் போயின. அவருக்குப் பிறகு பாட்டெழுதி அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகப் பாடி விற்றவர்கள் வந்தார்கள். பி.ஆர். பெரியசாமி, வி.எஸ். கோவிந்தசாமித் தேவர் என்று போகும் அந்த வரிசையில் ஜில் சுல்தான் என்று ஒரு பெயர் வரும். நம் ஆய்வாளர்கள் முஸ்லிம் புலவர் பட்டியல் போடும்போது அப்துல் காதிர் புலவரோடு மலையகத்தை முடித்துவிடுகிறார்கள். சந்தியில் நின்று பாட்டு விற்றவரைப் புலவர் என்று சேர்க்க மனம் வரவில்லை போலும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியபோது, அந்தச் செய்தி எழுத்துத் தெரியாத காதுக்குப் போன வழிகளில் இந்தப் பாட்டுகளும் ஒன்று. சட்டத்தின் பெயர் புரியாது, மெட்டுத் தெரியும். மெட்டோடு சட்டமும் உள்ளே போயிற்று. காதல் பாட்டின் மெட்டில் நாடு பறிபோன கதையைக் கேட்டவர்களுக்கு அந்த நடிகை நினைவுக்கு வந்திருப்பாளா? வந்திருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். புதுச் சொல்லுக்குப் பாரம் இருந்தால் மெட்டு பழைய படத்தைக் கீழே போட்டுவிடும். சொல் லேசாக இருந்தால் படம்தான் வெல்லும்.

எதிர்ப்பக்க உதாரணம் 'பரதேசி' (2013). பாலாவின் அந்தப் படம், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவியது, இரா. முருகவேளின் தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. ஊரை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மக்கள் கூட்டமாக நடந்து போகும் காட்சிக்கு வைரமுத்து எழுதி, ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த பாட்டு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அது ஒரு நல்ல சோகப் பாட்டு. இங்கே அப்படியில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து, வழியிலேயே செத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதைத் திரையில் போட்டுக் காட்டிய நாளில் வகுப்பு அசையவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன்: யாருக்காவது அந்தப் பாட்டு வாயில் இருக்கிறதா? ஒருவருக்கும் இல்லை. நடந்துபோன கால்கள் நினைவில் இருந்தன, பாட்டு இல்லை. சொற்கள் கவிஞருடைய சொற்களாகவே நின்றுவிட்டன, நடப்பவர் வாய்க்கு இறங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இதை விட, தெளிவத்தை ஜோசப் எழுத, வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) போன்ற எங்கள் சொந்தப் படங்களை வயசானவர்கள் பாட்டோடு சேர்த்தே நினைவுபடுத்துவார்கள். படமாக அது எத்தனையோ வகையில் சாதாரணம்தான்.

பெரியவருக்கு என் பதில் பாதிதான். படப்பாட்டு என்பதற்காக மெட்டைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த சொற்கள் லேசானவை. வழக்கமான அடைமொழிகள், வழக்கமான எதுகை, ஒரு மாலை நேரத்தில் எழுதி முடித்தது. அந்தப் படத்தைத் தள்ளும் பலம் அவற்றுக்கு இல்லை. அவர் கேட்டது அந்தப் படத்தைத்தான். என் சொல் அவர் காதுக்குப் போகவே இல்லை. பிழை மெட்டில் இல்லை, என்னில்.

இந்த முறை பிள்ளைகளிடம் "மெட்டை நீங்களே கட்டுங்க" என்றேன். சொல்லை மட்டும் இரண்டு வாரம் எடுத்து எழுதினேன். யத்தீமாய் வளர்ந்த பிள்ளையைப் பற்றிய ஆறு அடி. எங்கள் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதில் ஒருத்தி, பாட்டுக்குழுவில் இல்லாதவள், ஜன்னலோரம் இருந்து முணுமுணுத்தாள். ஆறு அடியும் அதில் அச்சாக உட்கார்ந்தது. "எங்க அம்மாயி தம்பியத் தூங்க வைக்கப் பாடுறது டீச்சர்" என்றாள். இரண்டாம் முறை பாடியபோது எனக்குப் பிடிபட்டது. அறுபதுகளின் ஒரு படத்தில் வரும் காதல் பாட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் இதுதான். அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாயிக்கும் இப்போது நினைவிருக்குமோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை.

விழா முடிந்து பெரியவர் வந்தார். "மாஷா அல்லாஹ், இதுதான் டீச்சர் நம்மட மெட்டு. எங்க ஈந்து எடுத்த?" என்றார்.

"தோட்டத்துல ஈந்து" என்றேன்.