கே. எஸ். பாலச்சந்திரன்: துணைப்பாத்திரத்தின் குரல்

கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) யாழ்ப்பாணம் வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டியில் பிறந்தவர். மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய துறைகளில் நடிகராகவும் எழுத்தாளராகவும் இயங்கியவர். ஈழத்தமிழரிடம் இவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பைத்தான் நினைவுகூர்வார்கள். அந்தப் புகழ் நியாயமானதே. எனினும் அது அவரை ஒரு சிரிப்பு நடிகர் என்ற அளவில் நிறுத்திவிட்டது. கதையின் நடுவில் நில்லாத ஓர் ஆளை, நாலு வார்த்தையில், நமக்கு அறிமுகமான அயலவராக ஆக்கிவிடுவதே அவருடைய மெய்யான திறமை. அதை அவர் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது வானொலி.

மேடையில் துணைநடிகர் பேசாமல் நின்றாலும் பார்வையாளர் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பார். வானொலி நாடகத்தில் அந்த வசதி கிடையாது. பேசாத கணத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. இரண்டு காட்சி கழித்து மீண்டும் வாய் திறக்கும்போது, பெயரை யாரும் சொல்லாமலே, ‘இது இன்னார்’ என்று கேட்பவர் அறிய வேண்டும். கதாநாயகனுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவன் குரல் ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

இலங்கை வானொலி இதற்கு ஒரு வழி கண்டது, பேச்சுவழக்கையே வேடமாக்குவது. ‘கோமாளிகள் கும்மாளம்’ இதன் உச்சம். எஸ். ராம்தாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் சிங்களவாடையுடன் தமிழ் பேசும் உபாலி, பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழ் பேசும் ஐயர். நால்வரையும் முதற்சொல்லிலேயே பிரித்தறியலாம். 1976இல் இது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. வேடம் எவ்வளவு ஒட்டிக்கொண்டதென்றால், மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்களே நடிகர்களின் முன்பெயர்களாகிவிட்டன. வெற்றிதான், ஆனால் அதன்பின் அவர்கள் எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் அந்தப் பெயரும் கூடவே வந்தது.

பாலச்சந்திரன் நடித்த ‘தணியாத தாகம்’ இதற்கு நேரெதிரான சோதனை. சில்லையூர் செல்வராசன் எழுதிய இந்நாடகம் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கதை. எல்லோரும் பேசுவது ஒரே ஊர்த்தமிழ். இங்கே வழக்குமொழி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக்காட்டாது. மூச்சு, தயக்கம், கோபத்தை விழுங்கும் விதம் என்பவற்றால்தான் ஒரு குரல் மற்றதிலிருந்து வேறுபட முடியும். கிச்சுக்கிச்சு மூட்டும் நடிகராக மட்டும் பாலச்சந்திரனை அறிந்தவர்கள், இந்தச் சோகக் கதையிலும் அவர் நடித்தார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில், கோமாளிகள் கும்மாளத்தை விடக் கடினமான பணி இதுவே.

இந்தப் பின்னணியோடு கேட்டால் ‘அண்ணை றைற்’ வேறு விதமாகத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பஸ் ஒன்றின் நடத்துநர் பேசுகிறார். ‘றைற்’ என்றால் வண்டியை எடுக்கலாம் என்று சாரதிக்குச் சொல்லும் சைகை. ‘அண்ணை’ அந்தச் சாரதி. மேடையில் இருப்பது ஒரே ஆள், பஸ்ஸிலோ இடம்கொள்ளாத சனம். ஒவ்வொரு பயணியுடனும் நடத்துநரின் தொனி மாறுகிறது: ஒருவரிடம் அதட்டல், இன்னொருவரிடம் குழைவு, மற்றவரிடம் நக்கல். அந்த மாற்றத்தைக் கொண்டே எதிரே நிற்பவர் வயதென்ன, தகுதியென்ன என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். நடத்துநரும் ஒரு நாயகன் அல்லர். எவருடைய பயணத்திலும் அவர் துணைப்பாத்திரம்தான். துணைப்பாத்திரங்களை மட்டுமே கொண்டு, நாயகனே இல்லாமல், ஒரு நாடகத்தை நடத்திக்காட்டியதுதான் இதன் புதுமை.

குறையும் உண்டு. சில நிமிடத் தனிநடிப்பில் ஆட்கள் வந்து இறங்கிப் போகிறார்கள். எவரும் மாறுவதற்கு நேரம் இல்லை. சிரிப்பு வந்ததும் அடுத்தவர் ஏறிவிடுகிறார். ஒலிநாடாவாகப் பரவி, புலம்பெயர்ந்தவர்கள் ஊர்நினைவுக்காகத் திரும்பத்திரும்பக் கேட்டதில், அந்த ஆட்கள் இன்னும் இறுகி, ‘ஊர்ச்சனம்’ என்ற பொம்மைகளாகக் கொள்ளப்பட்டதும் நடந்தது. இதற்கு நடிகரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. (பஸ்ஸில் நெரிபட்டவர்களுக்கு அது அப்போது அவ்வளவு இனிமையாக இருந்திருக்காது என்பது வேறு கதை.)

திரையிலும் அவர் தலைகாட்டினார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கமெரா அவருக்குத் தேவைப்பட்டதாகத் தோன்றவில்லை, குரலே போதுமானதாயிருந்தது.

பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்து அங்கும் நாடகத்தைத் தொடர்ந்தார். 2009இல் வெளிவந்த ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ நாவலில் கடற்றொழிலாளர் வாழ்வை எழுதினார். பத்து நிமிடப் பஸ் பயணத்தில் கிடைக்காத காலம் அவருடைய மனிதர்களுக்கு இங்கே கிடைத்தது. அவரை ஆராய முனையும் மாணவர்கள் ஒலிநாடாவையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.