கழுவுவது யார்?

கண்நோயுள்ள குழந்தையின் தாயிடம் 'முகம் கழுவிவிட்டாயா?' என்று கேட்பது எளிது. ஆஸ்திரேலியப் பாலையில் வாழும் அனங்கு பழங்குடியினரின் உடல்நலம் பற்றி 1987இல் வந்த யூ.பி.கே. அறிக்கை, முதலில் வீட்டுக் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னது. அதற்காகவே அதை மதிக்கிறேன். அதன் வழிவந்த வீட்டுச் சோதனைகளில், பழுதுகளில் பத்தில் ஒரு பங்குகூடக் குடியிருந்தோர் உடைத்ததாக இல்லை; பராமரிப்பின்மையும் மட்டமான கட்டுமானமுமே காரணம்.

ஆனாலும் அது வகுத்த ஒன்பது நலவாழ்வுச் செயல்களோடு எனக்குப் பிணக்கு உண்டு. குளிப்பாட்டுதல், துணி துவைத்தல், சமைத்தல் என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன, செய்பவளைக் காணோம். குழந்தைகளிடமிருந்து தொற்றும் ட்ரக்கோமாவால் உலகெங்கும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பார்வை இழக்கிறார்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது அவர்கள்தானே! சாக்கடை அடைத்துக்கொண்ட வீட்டில், இடம் கொள்ளாமல் படுத்தெழுந்தவர்களின் போர்வைகளை அவள் எங்கே கொண்டுபோய்த் துவைப்பாள் என்று அந்தப் பட்டியலைக் கேட்கத் தோன்றுகிறது.