பெரட்டுக் களத்து ஆட்சி: இரு போர்களுக்கு இடையே ஊவாத் தோட்டங்கள்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எதேச்சாதிகாரம் வளர்ந்த கதையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கின்றன. 1922இல் இத்தாலியில் முசோலினி, 1926இல் போலந்தில் பில்சூட்ஸ்கி, 1929இல் யுகோஸ்லாவியாவில் அலெக்சாந்தர் மன்னர், 1933இல் ஜெர்மனியில் ஹிட்லர், 1936இல் கிரேக்கத்தில் மெத்தாக்சாஸ் என்று பாராளுமன்றங்கள் ஒவ்வொன்றாக இருண்டுபோவதை அவை வரிசையாகக் காட்டும். அந்த வரைபடத்தில் இலங்கை வெளிச்சமான பக்கத்தில் நிற்கிறது. ஐரோப்பாவில் வாக்குப் பெட்டிகள் மூடப்பட்ட அதே காலத்தில், 1931இல், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இங்கே ஆணும் பெண்ணும் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தார்கள். ஆசியாவில் அன்று வேறெந்தக் குடியேற்ற நாட்டுக்கும் கிடைக்காத பேறு அது. ஆனால் பதுளை, ஹாலி எல, தெமோதரை, பசறை, அப்புத்தளை என்று விரியும் ஊவாத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தைப் பார்த்தால் படம் வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே எதேச்சாதிகாரம் புதிதாக எழ வேண்டியிருக்கவில்லை. கோப்பிக் காலத்திலிருந்தே அது ஊன்றி நின்றது. இந்த இருபது ஆண்டுகளில் நடந்தது என்னவென்றால், அதுவரை வழக்கத்தின் பலத்தில் நின்ற தோட்டத்து ஆட்சிக்கு அரசின் சட்டமும் பெரும்பான்மை அரசியலின் மௌனமும் புதிய முட்டுக்கொடுத்தன. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இத்துறையின் ஆய்வுகள் இரண்டு அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. முதலாவதில் ஹன்னா ஆரென்ட் முதல் ரொபர்ட் பாக்ஸ்டன் வரை ஐரோப்பிய சர்வாதிகாரத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். குடியேற்ற நாடுகளில் பழகிய ஆட்சிமுறை ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தது என்று ஆரென்ட் 1951இலேயே எழுதினார். ஆனால் அவர் பார்வை ஆபிரிக்காவோடும் இந்திய நிர்வாகத்தோடும் நின்றுவிட்டது, தேயிலை மலைகளுக்கு வரவில்லை. பாக்ஸ்டனின் நூலில் நமக்கு மிக நெருக்கமான பகுதி போ நதிப் பள்ளத்தாக்கைப் பற்றியது. 1920 முதல் 1922 வரை அங்கே விவசாயக் கூலிகளின் சங்கங்களை உடைக்க நிலவுடைமையாளர்கள் கருஞ்சட்டைப் படைகளுக்குப் பணமும் வாகனமும் கொடுத்தார்கள். இத்தாலியப் பாசிசத்துக்கு முதல் சதைப்பிடிப்பு வந்தது அந்த வயல்களில்தான். இரண்டாவது அலமாரியில் தோட்ட வரலாறு இருக்கிறது: குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு, ரேச்சல் குரியனோடு சேர்ந்து அவர் எழுதிய தோட்டங்கள் பற்றிய நூல், பற்றிக் பீபிள்ஸின் ஆய்வு, தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரைப் பற்றிச் சாரல் நாடன் தமிழில் எழுதியது. தோட்டத்தைத் தனக்குள் மூடிய ஓர் அதிகார உலகமாகப் பார்க்கும் கோட்பாடும் கரிபியன் ஆய்வாளர்களிடமிருந்து எப்போதோ வந்துவிட்டது. இருந்தும் இந்த இரு அலமாரிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. முதலாவதுக்குத் தோட்டம் வெறும் பொருளாதாரம். இரண்டாவதுக்கு எதேச்சாதிகாரம் என்பது ஐரோப்பியச் சங்கதி.

தோட்டத்துக்குள் ஒரு நாள் எப்படித் தொடங்கியது என்று கிட்டத்தில் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டு லயங்கள் எழும்பும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். அன்று யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யார் கவ்வாத்துக்குப் போவது என்பது துரையின் வாயிலிருந்து வரும். பிந்தி வந்தவருக்கு அன்றைய வேலை கிடையாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அந்த முடிவை எதிர்த்து முறையிடுவதற்கும் அதே துரையிடம்தான் போக வேண்டும். லயக் காம்பராவும் துரைக்குச் சொந்தம், அதற்குப் போகும் பாதையும் துரைக்குச் சொந்தம். வெளியாள் ஒருவர் உறவினரைப் பார்க்க வந்தாலும் அத்துமீறல் சட்டம் அவர்மேல் பாயலாம். தொழிற்சங்கக்காரருக்கோ சொல்லவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே பற்றுச்சீட்டு. வேலையிலிருந்து விலக்கிக் கொடுக்கும் அந்தத் துண்டுக் காகிதம் வேலையை மட்டும் பறிக்கவில்லை, குடியிருப்பையும் சேர்த்துப் பறித்தது. கணவனுக்குச் சீட்டுக் கிழித்தால் மனைவியும் பிள்ளைகளும் மூட்டை கட்ட வேண்டும். பெரிய கங்காணிக்குக் கொடுத்தால் அவர் கூட்டமே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டிவரும். தொழிலாளியின் கடனைக் காட்டி அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையை 1921இன் கட்டளைச் சட்டம் ஒழித்தது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் சீட்டு நிலைத்தது. கட்டளை, காவல், தண்டனை, குடியிருப்பு நான்கும் ஒரே கையில் இருக்கும் இடத்தை வேலைத்தலம் என்று மட்டும் அழைப்பது போதாது. அது ஓர் ஆட்சி.

பிரஷ்யாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். எல்பா நதிக்குக் கிழக்கே பெரும் பண்ணைகள் கிராம ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட தனி மாவட்டங்களாக இருந்தன. அங்கே பண்ணையாரே உள்ளூராட்சி. அந்த ஏற்பாட்டை 1927இல்தான் பிரஷ்ய அரசு சட்டத்தால் கலைத்தது. ஜெர்மனிய ஜனநாயகம் ஏன் நொறுங்கியது என்று ஆராய்பவர்கள் பலர் இந்தப் பண்ணையார்களின் அதிகாரத்தை ஒரு காரணமாக எண்ணுகிறார்கள். அது கலைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல், இலங்கை அரசாங்க சபை கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்த எடுத்துக்கொண்டது. 1889 முதல் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இந்தியத் தொழிலாளருக்கும் கிராமச் சபையில் வாக்கில்லை. முதல் இரு சாராருக்கும் கதவு திறக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்குத் திறக்கவில்லை. இந்திய அரசு எதிர்த்தபின் சட்டத்தின் சொல் மாறியது: இனத்தைச் சொல்லாமல், தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் என்று எழுதினார்கள். விளைவு மாறவில்லை. அன்று உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. ஊவாவில் லயத்தையும் கிராமத்தையும் பல இடங்களில் ஒரு ஓடைதான் பிரித்தது. ஓடைக்கு அப்பால் இருந்தவருக்குக் கிணறு வெட்டக் கேட்க ஒரு சபை இருந்தது. இப்பால் இருந்தவருக்குத் துரை மட்டும்.

நாட்டு வாக்குரிமையின் வரலாறும் இதே திசையில்தான் ஓடியது. டொனமூர் ஆணைக்குழு 1928இல் பரிந்துரைத்த வாக்குரிமை, தேசாதிபதி ஸ்டான்லியின் திருத்தங்களைத் தாண்டி வந்தபோது, இந்திய வம்சாவளியினருக்கு மூன்று வாசல்களாகச் சுருங்கியிருந்தது: நிரந்தர வாசம் நிரூபித்தல், எழுத்தறிவோடு சொத்து அல்லது வருமானம், அல்லது ஐந்தாண்டுகள் இங்கே வாழ்ந்தவருக்கு நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ். மூன்றாவது வாசல் தாராளமானதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சான்றிதழைக் கேட்பவர் இந்தியரென்ற முறையில் தனக்குள்ள சிறப்புப் பாதுகாப்பைக் கைவிடுவதாக அறிவிக்க வேண்டும். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பெயரிலேயே இந்தியத் தொழிலாளருக்கானது. கண்டியில் இருந்த இந்திய அரசின் ஏஜென்ட்தான் துரைக்கு மேலே முறையிட இருந்த ஒரே ஆள். வாக்குக்காக அந்த நிழலை விட்டு வெளியே வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? ஆகவே சான்றிதழ் வாங்கியவர் சிலரே. இத்தனை தடைகளையும் மீறி 1931இல் சுமார் ஒரு லட்சமாக இருந்த இந்தியத் தமிழ் வாக்காளர் 1939க்குள் இரு மடங்கைத் தாண்டினார்கள். பெருகியதுதான் குற்றமாயிற்று: பதிவு விதிகள் இறுக்கப்பட்டன, 1943 அளவில் எண்ணிக்கை சுமார் 1,68,000க்கு இறங்கியது. இத்தனைக்கும் எந்தப் படையும் அணிவகுக்கவில்லை. ஒரு பதிவேட்டைத் திருத்தும் எழுத்தரின் பேனா போதுமானதாக இருந்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றில் மூன்று கனமானவை. முதலாவது, பாசிசம் என்ற சொல்லை இப்படி நீட்டினால் அது நீர்த்துப்போகும் என்பது. ஒப்புக்கொள்கிறேன். பாசிசத்துக்கு வெகுசனக் கட்சி வேண்டும், தலைவர் வழிபாடு வேண்டும்; ஊவாவின் துரைமாரிடம் இரண்டும் இல்லை. அதனால்தான் எதேச்சாதிகாரம் என்ற அகன்ற சொல்லை இங்கே எடுத்திருக்கிறேன். இரண்டாவது, தோட்டத்துக்கு மேலே சட்டமும் கூலிச் சபையும் இருந்தன என்பது. இருந்தன. 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் நாட்கூலி என்று சட்டமே விதித்தது; இராமநாதபுரத்தின் வறண்ட ஊர்களில் அந்தக் காசைக் காண முடியாது என்பதும் மெய். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது அதே சபைகளே அந்தக் கூலியை வெட்டின. வெட்டுப்பட்டவரின் குரல் அங்கே எடுபடவில்லை. கூலி உயர்வாக இருப்பதும் ஆட்சி எதேச்சாதிகாரமாக இருப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: இலங்கையில் நீதிமன்றம் சுதந்திரமாக இருந்தது. 1937இல் மடுல்கலைத் தோட்டமொன்றில் சின்னத்துரையாக இருந்து சமசமாஜக் கட்சியோடு சேர்ந்த பிரேஸ்கேர்டலை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் ஆணையிட்டபோது, அரசாங்க சபை 34க்கு 7 என்று கண்டனம் நிறைவேற்றியது. உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் அந்த ஆணையைச் செல்லாதாக்கியது. அந்த ஆண்டின் பெர்லினிலோ ரோமிலோ இதை நினைத்துப் பார்க்க முடியாது, இந்த வேறுபாடு பெரியது. ஆயினும் அந்தப் பாதுகாப்பு எதுவரை எட்டியது என்று கேட்க வேண்டும். பிரேஸ்கேர்டல் வெள்ளைக்காரர், அவருக்காக வாதாடக் கொழும்பின் முதல்தர வழக்கறிஞர் வந்தார். சீட்டுக் கிழிக்கப்பட்டு மூட்டையோடு பதுளை ஸ்டேஷனில் நின்ற குடும்பத்துக்கு ஆட்கொணர்வு மனு எதுவும் உதவாது. அவர்களை யாரும் சிறைபிடிக்கவில்லை, வெளியேற்றத்தான் செய்தார்கள்.

ஆட்சி என்பது எதிர்க்கப்படும்போதுதான் தன் உருவத்தை முழுதாகக் காட்டும். ஊவாவில் அது நடந்தது போர் தொடங்கிய பிறகு, 1940இல். அந்த ஜனவரியில் ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்த அலை அங்கிருந்து ஊவாப் பக்கம் இறங்கியது. பதுளை நீதவான் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். மே 12 அன்று சமசமாஜத் தலைவர் என். எம். பெரேரா தடையை மீறிப் பதுளையில் பேசினார், கூடிய சனத்தைப் பார்த்த பொலிஸ் தொடவில்லை. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அதைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். இதை நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் சமசமாஜிகள். தம் கட்சியின் பங்கைப் பெரிதாக்கியிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் கதையில் முக்கியமானது கட்சி அல்ல. கிராமச் சபையில் வாக்கில்லை என்று விலக்கப்பட்டவர்கள், வழி கிடைத்ததும் முதலில் செய்தது தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்ததுதான். எழுத்தறிவில்லாதவருக்கு ஆட்சி புரியாது என்று 1928 முதல் வாக்குரிமை விவாதங்களில் சொல்லப்பட்ட நியாயத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் கண்டதில்லை. பிறகு மழையும் வெள்ளமும் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டிலிருந்து துண்டித்தன. பொலிஸ் அடக்குமுறை லயங்களுக்குள் இறங்கியது. வேவெஸ்ஸ சபை கலைந்தது. ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு தோட்ட முதலாளிமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அவற்றை அங்கீகரித்தது. வேவெஸ்ஸவின் பயம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

அதன்பின் வந்ததைப் போருக்குப் பிந்திய கதையாக மட்டும் படிப்பது பிழை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் மறுவருடத் தேர்தல் திருத்தமும் வந்தபின், 1952இல் அதற்கு ஒன்றுகூட இல்லை. 1931இல் மூன்று வாசல்களாகச் சுருக்கியதை 1948இல் ஒரேயடியாக அடைத்தார்கள். உள்ளூராட்சியில் அந்த விலக்கு இன்னும் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் 33ஆம் பிரிவில் தோட்டத்தைப் பிரதேச சபையின் வேலைகளுக்குப் புறம்பாகவே வைத்திருந்தது. பசறையிலோ ஹாலி எலயிலோ வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு மடு மூடவும் சபைப் பணத்தைத் தொட முடியாதிருந்தது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்.