"போதும்" என்ற சொல்லும் அதனைச் சூழ்ந்த சீடர் குழாமும்

பணத்தைப் பற்றிப் போதிப்போர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மைப் பதிற்றாண்டுகளில் பரவியுள்ள ஒரு வகைப் போதனை நம் தனிக் கவனத்திற்கு உரியது. முப்பது, நாற்பது வயதிலேயே ஊதிய வேலையினின்று விடுபடும் நெறியை அது கற்பிக்கிறது. அந்நெறியில் நடப்போரை ஒருவரோடொருவர் பிணைத்துக் குழுக்களாகவும் ஆக்குகிறது. ஆசான், மூலநூல், அன்றாட ஒழுங்கு, சாட்சி பகர்தல், கூடுகைகள் ஆகிய யாவும் அக்குழுக்களில் உண்டு. இவற்றைத் திருச்சபையின் போலி எனத் தள்ளிவிடுதல் எளிது. அவை ஏன் மக்களை ஈர்க்கின்றன, எதைக் கொடுக்கின்றன, எதைக் காணத் தவறுகின்றன என்று ஆராய்வதே பயன் தரும்.

மூலநூல்

இவ்வியக்கத்தார் பலர் தங்கள் மூலநூலாகக் கொள்வது, ஜோ டொமிங்கஸ், விக்கி ராபின் ஆகிய இருவரும் எழுதி 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'உன் பணமா, உன் உயிரா' என்னும் நூலாகும். வழிப்பறி செய்வோன் கேட்கும் கேள்வியே நூலின் தலைப்பு. டொமிங்கஸ் வறுமையில் வளர்ந்தவர். நியூயார்க் நகரின் வால் தெருவில் நிதி ஆய்வாளராகப் பணியாற்றி, 1969ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது வயதில், அவ்வேலையை விட்டவர். அதன்பின் சேமிப்பின் வட்டியைக் கொண்டு எளிமையாக வாழ்ந்து, கருத்தரங்குகள் வழியாகவும் ஒலிநாடாக்கள் வழியாகவும் தம் நெறியைக் கற்பித்தார். அவற்றால் வந்த வருவாயை அறப்பணிகளுக்கு அளித்தார். 1997ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

நூலின் அடிப்படைக் கருத்து எளியது. பணம் என்பது நாம் நம் உயிராற்றலைக் கொடுத்துப் பெறுவது. ஒருவருடைய உண்மையான மணிக்கூலியை அறிய வேண்டுமாயின், வேலைக்குச் சென்று திரும்பும் நேரத்தையும், வேலைக்கென வாங்கும் உடையையும், களைப்பாற்றச் செலவிடும் பணத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு காசையும் எழுதி வைத்து, "இச்செலவு, நான் இதற்கெனக் கொடுத்த வாழ்நாளுக்கு ஈடானதா?" என்று வினவ வேண்டும். வரவு செலவுகளைக் காட்டும் வரைபடத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தல் ஒன்பது படிகளில் ஒன்று. சேமிப்பு தரும் வருவாய் மாதச் செலவை எட்டும் நாளே விடுதலை நாள். இவ்வழியில் தன்னைத்தானே பழித்தல் கூடாது என்பதையும் ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர்.

இந்நூலின் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. நுகர்ச்சியே வாழ்வெனக் கருதும் ஒரு சமுதாயத்தில் "போதும்" என்னும் சொல்லுக்கு அது இடம் தேடிற்று. பலர் தம் துணைவரிடத்தும் பேசத் துணியாத கடனையும் சம்பளத்தையும் வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தது. வேலை, காலம், பணம் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்கியவை என்று காட்டிற்று.

குழு உருவாகும் விதம்

சிக்கனமாக வாழ முற்படுவோன் தன் சூழலில் தனியனாகிறான். புதிய மகிழுந்து வாங்காதவனை அலுவலக நண்பர் நகைப்பர். விருந்துகளைக் குறைப்பவனைச் சுற்றத்தார் கருமி என்பர். ஆகவே தன்னைப் புரிந்துகொள்ளும் பிறரை அவன் நாடுகிறான். இங்குதான் குழு பிறக்கிறது. ஒருவர் தம் கடனின் அளவை வெளிப்படையாகச் சொல்லுகிறார். மற்றொருவர் அதனைத் தீர்த்த வழியைக் கூறுகிறார். குறியெண்ணை எட்டியவரை அனைவரும் வாழ்த்துகின்றனர். பாவ அறிக்கையையும் அனுபவ சாட்சியையும் அறிந்த நமக்கு இவ்வமைப்பு புதிதன்று.

குழுவின் குணம் ஆசானின் குணத்தைப் பின்பற்றுகிறது. வான்கார்டு நிறுவனத்தை 1975இல் தொடங்கிய ஜான் போகிள், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறைந்த கட்டண முதலீட்டு நிதியை 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார். அவருடைய பெயரைத் தங்கள் பெயராகவே சூடிக்கொண்டோர் பொறுமையும் நிதானமும் உடைய குழுவாயினர். அவர்களுடைய மாநாடுகளுக்கு அவரும் வந்தார். அவரோ முன்-ஓய்வை நாடியவர் அல்லர். 2019இல் 89ஆம் வயதில் இறக்கும்வரை எழுதியும் பேசியும் வந்தவர். மாறாக, 2005இல் முப்பது வயதில் மென்பொருள் வேலையை விட்ட பீட்டர் அடேனி, 2011 முதல் 'மிஸ்டர் மணி மஸ்டாஷ்' என்னும் புனைபெயரில் எழுதலானார். அவருடைய நடை கடிந்துரைக்கும் தீர்க்கதரிசியின் நடை. மகிழுந்தை விட்டு மிதிவண்டியில் ஏறுமாறு அவர் இடித்துரைப்பதைச் சீடர்கள் விரும்பியே கேட்கின்றனர். பழித்தல் கூடாது என்ற மூலநூலின் மென்மை இங்கு மறைந்துவிட்டது. ஆயினும் அந்நூலின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முன்னுரை எழுதியவர் அவரே.

ஐயத்திற்குரியவை

முதலாவது, கணக்கைப் பற்றியது. ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விடலாம் என்பது இக்குழுக்களில் ஒரு விசுவாசப் பிரமாணமாகவே விளங்குகிறது. இதன் ஆதாரம், வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்வும், டெக்சாஸ் மாநிலத்து டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவர் 1998இல் வெளியிட்ட ஆய்வுமாகும். முதல் ஆண்டில் சேமிப்பில் நூற்றுக்கு 4 பங்கு எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திவந்தால், கடந்தகால அமெரிக்கச் சந்தை நிலவரப்படி, பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த சேமிப்பு 30 ஆண்டு தாங்கும் எனப் பெங்கன் கண்டார். 65 வயதில் ஓய்வு பெறுவோர்க்கு 30 ஆண்டு போதுமானது. 35 வயதில் ஓய்வு பெறுவோன் இன்னும் 50, 60 ஆண்டு வாழக்கூடும். ஓர் ஆய்வின் முடிவு குழுவின் வாயில் வாக்குத்தத்தமாக மாறிவிடுவதை இங்குக் காண்கிறோம். மூலநூலே இதற்கு எச்சரிக்கை. 1992ஆம் ஆண்டுப் பதிப்பு நீண்டகால அரசுக் கடன் பத்திரங்களைப் பரிந்துரைத்தது. வட்டி வீதம் பின்னாளில் வெகுவாகச் சரிந்தமையால், 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் குறியீட்டு நிதிகளுக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, சாட்சிகளைப் பற்றியது. வென்றவர் எழுந்து பேசுகிறார். நோயாலோ மணமுறிவாலோ இடையில் தளர்ந்தவர் அமைதியாக விலகிவிடுகிறார். ஆகவே குழுவின் செவியில் வெற்றிகள் மட்டுமே ஒலிக்கின்றன. மேலும், ஆசானின் ஓய்வு பெரும்பாலும் எழுத்தும் போதனையுமாகிய வேறொரு வேலையே. அதனால் வருமானமும் வருகிறது. அவ்வருமானம் இல்லாத சீடன் அதே பாதையில் அதே உறுதியோடு நடக்க இயலாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. அடேனி தம் குடும்பத்தின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 25,000 டாலர் என்று எழுதிவந்தார். சொந்த வீடு உடையவர் அவர். அக்காலத்தில் நடப்பிலிருந்த, 2009இல் நிர்ணயிக்கப்பட்ட கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி, ஆண்டு முழுவதும் ஓய்வின்றி உழைப்போன் அவ்வூதியத்தில் பெறுவது 15,080 டாலர். சிக்கனத்தின் முன்மாதிரியாகப் போற்றப்படும் செலவே ஏழைத் தொழிலாளியின் முழு வருமானத்தினும் மிகுதி! அவனிடம் சேமிக்கச் சொல்லுவதில் பொருளில்லை. அவனுடைய உழைப்பால் நிறுவனம் ஈட்டும் இலாபத்தில் ஒரு பங்கு, குறியீட்டு நிதியின் வழியாக முன்-ஓய்வு பெற்றவனுக்குச் சென்று சேர்கிறது. ஒருவனுடைய உயிராற்றலைக் காசுக்குக் காசு எண்ணிய நூல், அவனுடைய ஓய்வைத் தாங்கும் மற்றவனுடைய உயிராற்றலை எண்ணவில்லை.

நமக்குரிய சிந்தனை

உலகிற்குள் வாழும் துறவொழுக்கம் புராட்டஸ்டண்டு மக்களிடையே மூலதனம் பெருகத் துணைசெய்தது என மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதினார். அன்று அத்துறவு வேலையை இறையழைப்பாகக் கண்டது. இன்று வேலையினின்று தப்புவதற்கு அதே துறவு கருவியாகிறது. ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றிய தம் பிரசங்கத்தில் ஈட்டல், சேமித்தல், கொடுத்தல் என மூன்று விதிகளை வகுத்தார். முன்-ஓய்வு இயக்கம் முதலிரண்டையும் நுணுக்கமாக வளர்த்துள்ளது. மூன்றாவதைக் குறியெண் எட்டப்படும் நாள்வரை ஒத்திவைக்க இடம் தருகிறது. டொமிங்கஸ் விடுதலை பெற்ற காலத்தைத் தொண்டிற்குக் கொடுத்தார் என்பதை அவருடைய சீடர்கள் நினைவுகூர்வது நலம்.

ஆயினும், நம் சபையார் தங்கள் கடனையும் சம்பளத்தையும் எவரிடம் மனம் திறந்து பேசுகின்றனர்? காணிக்கையைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் பேசும் நாம், அவர்களுடைய வீட்டுக் கணக்கைப் பற்றிப் பரிவோடு கேட்டதுண்டா? அச்சமும் வெட்கமுமின்றிப் பணத்தைப் பற்றிப் பேசும் ஓர் இடத்தை இக்குழுக்கள் அமைத்துள்ளன. அதனை நாம் கற்றுக்கொள்ளலாம். அதே வேளையில், அவர்கள் கேளாத கேள்வியை எழுப்பும் கடமையும் நமக்கு உண்டு. "எனக்குப் போதுமா?" என்று கேட்கத் தொடங்கியவன் நல்ல பாதையில் கால் வைத்திருக்கிறான். "அடுத்தவனுக்குப் போதுமா?" என்றும் அவனோடு சேர்ந்து கேட்கக்கூடிய ஐக்கியமே அவனுக்கு இனித் தேவை.