தலைக்கோலமும் தகுதியும்

கோயில் மண்டபத்துப் பெண் சிற்பம் தேவியா, அரசியா, பணிமகளா? பாதி விடை தலையிலேயே இருக்கிறது.

மானசாரம் என்னும் சிற்பநூல் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. கிரீட மகுடம் திருமாலுக்கும் பேரரசனுக்கும். சடை மகுடம் சிவனுக்கும் பிரமனுக்கும். பெருவேந்தர்களின் தேவியருக்குக் குந்தளம், கேசபந்தம் என்னும் முடிப்புகள். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட மன்னர்களின் மனைவியருக்குத் தம்மில்லம். அரசனுக்கு முன்னே தீப்பந்தம் ஏந்திப் போகும் பெண்களையும், வாளும் கேடயமும் தாங்குவோரின் மனைவியரையும்கூட நூல் மறக்கவில்லை. அவர்களுக்கு அளகசூடகம். டி.ஏ. கோபிநாத ராவ் 1914இல் வெளியிட்ட சிற்பவியல் நூலில் இந்த வரிசையை விளக்கியிருக்கிறார்.

கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கினாற்போல் மேலே குறுகிச் செல்வது கரண்ட மகுடம். உயரம் குறைந்த இது அடங்கிய நிலைக்கு அடையாளம் என்பது கோபிநாத ராவின் கணிப்பு. சோழர் செப்புத் திருமேனிகளில் உமையம்மைக்கு வழக்கமாகச் சூட்டப்பட்டதும் இதுதான்! ஆனால் சிற்பியின் கை விதியை மீறிப் பேசும். வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்திலுள்ள 10ஆம் நூற்றாண்டுத் திருமேனியில் அந்த மகுடம் ஓங்கி நிற்கிறது; அடக்கம் எங்கும் தெரியவில்லை. அதைச் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவம் என்போரும் உண்டு, பார்வதி என்போரும் உண்டு.

நாயக்கர் காலத்தில் மகுடத்தோடு கொண்டையும் போட்டியிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பக்கக் கொண்டையைத் தெரியாதவர் யார்?

வீடுகளில் தகுதியைச் சொன்னது தலைசாமான். நெற்றிச்சுட்டி, வகிட்டின் இருபுறமும் சூரியப் பிறை, சந்திரப் பிறை, பின்னந்தலையில் ராக்கொடி, பின்னலில் ஜடைநாகம், நுனியில் குஞ்சலம். வசதியுள்ள வீட்டு மணப்பெண்ணுக்கு இவை பொன்னில் அமைந்தன. கணவன் இறந்தால், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில், நகையோடு முடியும் போயிற்று. சிறுவயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமிக்குத் தலை மழிக்க அவர் பெற்றோர் மறுத்தார்கள். அவர் 1911இல் பட்டம் பெற்று, பிறகு சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தினார்.

தேவதாசிகளுக்கு அந்த இழப்பு இல்லை. கடவுளுக்குப் பொட்டுக்கட்டிய நித்திய சுமங்கலிகள் என்பதால், தலைசாமானைக் கழற்ற வேண்டிய நாளே அவர்களுக்கு வரவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. அவர்களது ஆட்டமும் அணிகளும் பரதநாட்டிய மேடைக்குப் போய்விட்டன. நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்துச் செய்யும் கோயில் நகைகளுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு அதே வடிவத் தலைசாமான் மயிலாப்பூரில் வாடகைக்குக் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் சூடிக்கொள்ளலாம்.