இரு குழாய்களின் சூடு

கனடாவின் ஜனவரிக் குளிரில், பழைய கார் ஒன்றில் ஓட்டுநர் பக்கம் சில்லென்றும் பக்கத்து இருக்கையில் கதகதப்பாகவும் காற்று வருகிறது. நல்ல மெக்கானிக் உடனே எதையும் கழற்றுவதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருக்கிறார். பிறகு பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்கிறார். நாடி பிடிக்கும் வைத்தியரின் நிதானம் அந்த விரல்களில். இரண்டும் ஒரே சூடு என்றால் கூலண்ட் ஓட்டம் சரி. காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று தகித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால், ஹீட்டரின் மெல்லிய குழல்களில் துருவும் வண்டலும் அடைத்திருக்கக்கூடும். காதுக்கும் வேலை உண்டு. டாஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்றால் கூலண்டில் காற்று சிக்கியிருக்கலாம்; 'டிக் டிக்' என்றால் கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கலாம்.

அடைப்பு எடுக்கும் நேரம்தான் அழகு. எஞ்சின் ஆறிய பின் குழாய்களைக் கழற்றி, தண்ணீரை எதிர்த்திசையில் மெல்ல விடுகிறார். முதலில் டிகாக்‌ஷன் நிறம், பிறகு வெளிறிய தேநீர் நிறம், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்த நீர். இங்கே அவசரம் ஆகாது. அழுத்தம் கூடினால் வயதான குழல் பிய்ந்துவிடும். புதுக் கூலண்ட் ஊற்றி, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, குமிழ்கள் அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். கடைசியில் உள்ளே உட்கார்ந்து, காற்று வரும் இரண்டு வாய்களுக்கு முன்னும் கைகளை நீட்டுகிறார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே சூடு.