மலையேறும் உடலின் நுண்கணக்கு

அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் தை மாத விடியல் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரோடு வரும். லயத்துக் கதவைத் திறந்து வாசலில் கால்வைக்கும் பெண்ணின் தோலை அந்தக் குளிர் தொட்டதும், அவள் கம்பளியை இழுத்துப் போர்த்துமுன்பே, தோலுக்கடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரல்நுனி வெளிறுகிறது. மேற்பரப்பில் சூட்டை இழந்துகொண்டிருந்த இரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் திரும்புகிறது. அதுவும் போதாவிட்டால் தசை நடுங்கத் தொடங்கும். நடுங்கும் தசை எதையும் தூக்குவதில்லை, எதையும் நகர்த்துவதில்லை; சூட்டை மட்டும் தருகிறது, ஓய்வில் பிறக்கும் சூட்டைப் போல நான்கைந்து மடங்கு வரைக்கும். பல் கிடுகிடுக்க அவள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது வெளியே 12 பாகை. அவள் நெஞ்சுக்குள் 37.

உடலின் கலங்கள் வெளிக்காற்றில் வாழ்வதில்லை, தம்மைச் சூழ்ந்த பாய்பொருளில் வாழ்கின்றன என்று கண்டவர் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் கிளோட் பேர்னாட். அந்த உட்சூழல் மாறாதிருப்பதால்தான் உயிர் வெளியே சுதந்திரமாக உலவ முடிகிறது என்பது அவர் கருத்து. அமெரிக்கரான வோல்ற்றர் கனன் 1926இல் அதற்குப் பெயர் வைத்தார். நம் பாடநூல்களில் அது ஒருசீர்த்திடநிலை. பரீட்சையில் இதை நான்கு வரியில் எழுதிவிடலாம். ஆனால் தமிழ் வகுப்பில் ஒரு செய்யுளை அடியடியாக நிறுத்தி நயம் பார்ப்பதுபோல, கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் பகலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அந்த நான்கு வரிக்குள் எவ்வளவு நேர்த்தி அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலையின் உச்சி 2,036 மீற்றர். இரண்டுக்கும் இடையில் தேயிலை சரிவு சரிவாக ஏறுகிறது. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து, கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, ஏற்றத்தில் கால்வைத்ததும் தொடைத்தசை காபனீரொட்சைட்டை மடங்கு மடங்காக வெளிவிடுகிறது. அது இரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும். இரத்தமோ அமிலத்தில் மிகச் சிறிய மாற்றத்தையும் பொறுக்காது: பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அந்த நிலையில் ஒரு லீற்றர் இரத்தநீரில் இருக்கும் ஐதரசன் அயனின் எடை ஒரு கிராமில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய ஒன்றை, செங்குத்தான மலையில் சுமையோடு ஏறும் ஓர் உடல் சிந்தாமல் காக்கிறது.

எப்படி என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். வாயு சேரும்வரை மூளை காத்திருப்பதில்லை. நடக்கும்படி தசைக்குக் கட்டளை போகும்போதே மூச்சுக்கும் செய்தி போய்விடுகிறது. அசையும் மூட்டுகளும் தசைகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. நீள்வளைய மையவிழையம் அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, பிறக்கும் அளவு வெளியேறும்படி மூச்சைப் பெருக்குகிறது. ஏற்றத்தின் பாதியில் அவள் இரத்தத்தை எடுத்து அளந்தால், காபனீரொட்சைட்டு அவள் லயத்து வாசலில் நின்றபோது இருந்த அளவை ஒட்டியே இருக்கும். மேல்மூச்சு வாங்குகிறதே என்று நாம் களைப்பாகக் கேட்பது, உள்ளே எதுவும் குலையவில்லை என்பதன் ஓசை.

தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே, தோமஸ் லிப்டனின் பெயர் தாங்கிய லிப்டன் சீட் ஏறத்தாழ 1,970 மீற்றரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையைச் சிறுநீரகம் உணர்ந்து, எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனை எலும்பு மச்சைக்கு அனுப்ப, செங்குழியங்கள் சற்றே கூடுகின்றன. நீரைப் பிரிக்கும் உறுப்பிடமே காற்றின் மெலிவைக் கவனிக்கும் பொறுப்பும் இருப்பது எவ்வளவு அழகான ஏற்பாடு!

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சற்றுக் குந்தியிருந்தவள், தன் முறை வந்ததும் சட்டென்று எழுகிறாள். எழுந்த கணத்தில் அரை லீற்றருக்கும் மேலான இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து அவள் சாய வேண்டும். சாயவில்லை. கழுத்து நாடியின் கிளையில் இருக்கும் நரம்பு முனைகள் குழாய்ச்சுவரின் தளர்ச்சியை உணர்ந்து சொல்ல, அடுத்த ஓரிரு துடிப்பிலேயே இதயம் விரைகிறது. கால் குழாய்கள் இறுகுகின்றன. அவள் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நிற்பது என்று நாம் சொல்வதற்குள் இத்தனை அசைவு இருக்கிறது.

ஆடி, ஆவணியில் ஊவாவின் காற்று வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை ஹற்றன், நுவரெலியாப் பக்கச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுமலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. நீரிழந்த அந்தக் காற்று நூறு மீற்றர் இறங்குந்தோறும் ஏறக்குறைய ஒரு பாகை சூடேறும். அதைத் தாங்கத் தேயிலைச்செடி இலைவாய்களை ஒடுக்கித் தன் நீரைக் காக்கிறது. வளர்ச்சி தளர்கிறது, இலைக்குள் மணப்பொருள்கள் செறிகின்றன. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசனை, மெந்தோலை நினைவூட்டும் அந்தக் குளிர்ந்த தெறிப்பு, இந்தப் பருவத்துக்கு உரியது. மெதைல் சலிசிலேற்றுக்கு அதில் பங்குண்டு. உலகம் விலைகொடுத்து வாங்கும் மணம், ஒரு செடி தன் உட்சூழலைக் காத்துக்கொண்டதன் தடம்.

அதே காற்றில் அவளும் நிற்கிறாள். செடியைப் போல வாயை மூடிக்கொள்ள அவள் தோலால் முடியாது. வேலை செய்யும் தசையின் சூட்டை அது வெளியேற்றியே ஆகவேண்டும். தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லீற்றர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூடு அதோடு போய்விடும். உலர்காற்றில் வியர்வை ஊறியதுமே மறைகிறது. நெற்றியில் துளி நிற்காது, சட்டை நனையாது, வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உடல் கணக்கை விடுவதில்லை. இரத்தத்தின் உப்புச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடினாலே பரிவகக்கீழின் தனிக் கலங்கள் சுருங்கி அதை உணர்கின்றன. கபச்சுரப்பியிலிருந்து வாசோபிரசின் புறப்படுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தை வடிக்கும் சிறுநீரகங்கள், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாக இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

பிறகு அவள் போத்தலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குடித்த நீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலந்து செறிவைச் சரிசெய்யப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். தாகமோ ஓரிரு நிமிடத்திலேயே தணிகிறது. வாசோபிரசினும் அப்போதே இறங்கத் தொடங்குகிறது. எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்பதை வாயும் தொண்டையும் விழுங்கும்போதே அளந்து மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. இன்னும் வந்துசேராத தண்ணீரை நம்பி உடல் ஆறுதல் கொள்கிறது. அந்த நம்பிக்கை இல்லையென்றால் நாம் தேவைக்கு மேல் குடித்துக்கொண்டே இருப்போம்.

தேத்தண்ணி நேரம். சாயத்தண்ணியைக் கோப்பையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நக்கி நக்கிக் குடிப்பது தோட்டத்து வழக்கம். அந்த உள்ளங்கையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அவள் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோசு நாலைந்து கிராம்தான்; கையில் இருக்கும் ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடையே அது. மூளை மட்டுமே மணிக்கு ஏறத்தாழ ஐந்து கிராமைச் செலவிடுகிறது. ஊற்று நின்றால் ஒரு மணித்தியாலம் தாங்காது. ஈரல் தன்னிடம் கிளைக்கோசனாகச் சேர்த்துவைத்த நூறு கிராம் அளவிலிருந்து, போகப் போக ஈடுசெய்கிறது. காலையில் தின்ற ஒரு ரொட்டியின் மாப்பொருள் இரத்தத்துக் குளுக்கோசைப் போலப் பத்து மடங்கை நெருங்கும். அது உள்ளே வரும்போது இன்சுலின் அதை ஈரலிலும் தசையிலும் ஒதுக்கிவைக்கிறது. பசிக்கும்போது குளூக்ககன் அதை வெளியே எடுக்கிறது. அள்ளிக் கொட்டினாலும் அரைவயிறாக இருந்தாலும், ஓடும் இரத்தத்தில் அந்த ஒரு கரண்டி அதே அளவை ஒட்டி நிற்கிறது.

மதியம் கைக்குழந்தைக்காரி பிள்ளைக்காம்பிராவுக்கு ஓடுகிறாள். அவள் தரும் பாலில் ஒரு நாளைக்கு இருநூறு மில்லிகிராமுக்கும் மேல் கல்சியம் போகிறது. அவள் இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் தசை இறுகும், இதயத் துடிப்பு பிசகும். அதனால் தாயின் மார்பே ஓர் ஓமோனைச் சுரந்து அவள் எலும்பிடம் கல்சியம் கேட்கிறது. எலும்பு கொடுக்கிறது, இரத்தத்தின் அளவு மாறுவதில்லை. பால்மறந்த பிறகு வரும் மாதங்களில் எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பிள்ளைக்குக் கொடுத்ததைத் தாயின் உடல் தானே மீண்டும் கட்டிக்கொள்கிறது, அவள் சாப்பாட்டில் போதிய சத்து இருந்தால்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கானோரமும் புல்லும் நனைந்ததும் அட்டை எழும்பும். உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு போனாலும் ஒன்றிரண்டு காலில் ஏறிவிடும். அட்டை விழுந்த பின்னும் அந்தச் சின்னப் புள்ளியிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசிவது எல்லாருக்கும் தெரியும். அதன் உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள், இரத்தத்தை உறையச் செய்யும் துரொம்பினைக் கட்டிவைப்பதே காரணம். இதே கால் கவ்வாத்து வெட்டிய குச்சியில் கீறியிருந்தால் சில நிமிடத்தில் இரத்தம் நின்றிருக்கும். உறையச் செய்யும் புரதங்களும் உறைவதைத் தடுக்கும் பொருள்களும் ஒரே இரத்தத்தில் அருகருகே ஓடுகின்றன. குழாய்க்குள் கட்டிபடாமலும் காயத்தில் ஒழுகிப் போகாமலும் இரு பக்கமும் பார்த்து நடக்கின்றன. அன்றாடம் நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சமநிலையை ஓர் அட்டை சற்று நேரம் குலைத்துக் காட்டுகிறது.

இத்தனைக்கும் உடலின் திறமைக்கு எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் இந்த நயத்தைப் பாராட்டுவது அரைகுறையாகும். தேவைக்கு மேல் சேரும் இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. குடலின் வாசலில்தான் கட்டுப்பாடு. இரும்பு குறையும்போது ஈரல் ஹெப்சிடின் என்னும் ஓமோனைக் குறைத்து அந்த வாசலை அகலத் திறந்துவைக்கிறது. ஆனால் ரொட்டியோடு சேர்த்தே சாயத்தண்ணியைக் குடித்தால், தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. வாசல் திறந்திருந்தும் உள்ளே போவது குறைகிறது. தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை பழைய துன்பம். தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பதும், சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொள்வதும் அந்த வாசலுக்கு நாம் செய்யக்கூடிய உதவி. சத்தான சாப்பாடும் மருத்துவரின் கவனிப்பும் அதற்கு மேல் வேண்டும்.

தண்ணீரிலும் இதே எல்லை இருக்கிறது. மலையில் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். சிறுநீரகம் முறையிடாமல் நீரை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் கழிவைக் கரைத்து வெளியேற்ற நாளொன்றுக்கு அரை லீற்றர் அளவு நீராவது அதற்கு வேண்டும். அதற்குக் கீழே எந்த ஓமோனாலும் இறக்க முடியாது. ஆடிக் காற்றில் தாகத்தை அடக்கி நிற்கும் பெண்ணின் உடம்பு எரிச்சலையும் தலைவலியையும் சிறுநீர்த் தொற்றையும் விலையாகக் கொடுக்கிறது.

தராசில் கொழுந்தின் எடை தெரிகிறது; நாட்கூலிக் கணக்கில் பேர் விழுகிறது. அந்தக் கொழுந்துக்காக ஒரு நாள் முழுவதும் 37 பாகையையும், பிஎச் 7.4ஐயும், ஒரு கரண்டிக் குளுக்கோசையும் தளும்பாமல் சுமந்த வேலை எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. அந்த வேலையின் நுட்பத்தை அறிந்தவர்கள் அதற்குச் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. உடலால் உள்ளேயிருந்து செய்ய முடிந்ததையெல்லாம் அது செய்துவிட்டது. மலையில் ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை, வயிறார ஒரு சாப்பாடு: வெளியே இருந்து செய்யவேண்டிய பங்கு இவ்வளவே. அதைச் சலுகையாக எண்ணாமல், அந்த உடலோடு சேர்ந்து செய்யும் வேலையாகத் தோட்டமும் நாடும் ஏற்கவேண்டும்.